ஒரு கிட்டுக்கு இரண்டு பேர்

பன்னிரண்டு. ரீசெட் அடித்து மறுபடி ஓட்டினாலும் பன்னிரண்டுதான். முப்பத்தெட்டு வரவேண்டிய இடத்தில், டிஸ்ப்ளேயில் சிவப்பாக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பன்னிரண்டு நிற்கிறது. பதினாறு எண் கணக்கான ஹெக்ஸில் இதைப் பன்னிரண்டு என்று படிக்கக்கூடாது, ஒன்று இரண்டு என்று தனித்தனியாகப் படிக்கவேண்டும் என்று லேப் வாத்தியார் கோயில்ராஜ் சார் முதல் வகுப்பில் சொன்னார், யாரும் கேட்கவில்லை, அடுத்த வகுப்பில் அவரே பன்னிரண்டு என்று படித்தார். இப்போது அதுவா முக்கியம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே மைக்ரோபிராசசர் கிட்டில், இதே விரலால் தட்டி, எனக்கு முப்பத்தெட்டு வந்தது. பேப்பரிலும் எழுதிவிட்டேன். பிறகு எழுந்து அவளுக்கு இடம் விட்டேன், அவள் தட்டினாள், ஓட்டினாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், நான் சும்மா இருக்காமல் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். இல்லை, பார்க்காமல் இருந்திருந்தால் பரீட்சை எடுக்கிற எக்ஸ்டெர்னல் முன்னால் வந்திருக்கும் இந்தப் பன்னிரண்டு, அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்திருப்பார், அவ்வளவுதான், ஃபெயில், வீட்டுக்குப் போ, அப்பா வலைக்கூடத்தில் இருந்தபடியே நிமிர்ந்து பார்க்காமல், சரி அப்ப வீட்டோட இரி என்பார். ஒரு பேப்பர் நின்றாலும் வீட்டோடுதான் என்று ஏற்கனவே சொல்லியாகிவிட்டது. அப்பா இரண்டாவது தடவை பேசுகிற ஆள் இல்லை.

லேப்பில் ஃபேன் சத்தத்தையும் கீ தட்டுகிற சத்தத்தையும் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே சிவந்த தேரி மண், அதற்கு மேல் காற்றாலைகள், ஒன்று சுற்றுகிறது ஒன்று நிற்கிறது, ஏன் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு ஒன்றுக்கு மட்டும் காற்று வருகிறது என்று மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், யாரிடமும் கேட்டதில்லை. கடல் காற்று பட்டுப் பட்டுக் கிட்டுகளில் பாதி செத்துவிட்டது. பச்சை போர்டில் உப்புப் பூத்திருக்கிறது. அதனால் இந்த வருடம் பரீட்சைக்கு ஒரு கிட்டுக்கு இரண்டு பேர். கேள்வியும் கிட்டுக்கு ஒன்றுதான். எங்கள் கிட்டுக்கு வந்த சீட்டில், சாஃப்ட்வேர் இன்டரப்ட் கட்டளை ஒன்றைக்கொண்டு ஏ மாணவர் இரு எண்களைக் கூட்டவும், பி மாணவர் அதே எண்களைக் கழிக்கவும் என்று இருந்தது. இருபத்தைந்து, பதின்மூன்று. கூட்டினால் முப்பத்தெட்டு. கழித்தால் பன்னிரண்டு. நான் ஏ. பி யார் என்றால், அட்டெண்டன்ஸில் எனக்கு முந்தின பெயர், மூன்று வருடமாக லேப் பெஞ்சில் எனக்கு இடது கைப் பக்கம், பொங்கலுக்கு முன்னாலிருந்து நான் முகத்தைப் பார்க்காத இசக்கியம்மாள். இந்தக் காலேஜில் இத்தனை பேர் இருக்க. உட்காரும்போது பெஞ்சில் பையை நடுவில் வைத்தேன். அவள் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், இடம் கொடுக்கிறாளாம்.

பன்னிரண்டு அவளுடைய விடை. என் புரோகிராமில் அவள் விடை எப்படி வரும். நான் தட்டினது 8000-இலிருந்து. அவள் தட்டினது 8100-இலிருந்து. எக்ஸ்டெர்னலே போர்டில் எழுதிப் போட்டார், ஏ-க்கு 8000, பி-க்கு 8100, ஒருத்தர் இடத்தை ஒருத்தர் தொடக்கூடாது. வரப்பு போட்டு வைத்த மாதிரி. நான் என் வரிகளை ஒவ்வொன்றாக நெக்ஸ்ட் அடித்துப் பார்க்கிறேன். 3E, 25, இருபத்தைந்தை ஏ-யில் வை. 06, 13, பதின்மூன்றை பி-யில் வை. EF, இதுதான் ஆர்எஸ்டி ஐந்து, இன்டரப்ட். அப்புறம் 32, 50, 80, வந்த விடையைக் கொண்டுபோய் 8050-இல் போடு. கடைசியில் CF. எல்லாம் அப்படியே இருக்கிறது. 8020-இல் கூட்டுகிற துண்டு, 80, C9, அதுவும் அப்படியே. அவள் என் இடத்தில் ஒன்றையும் தொடவில்லை. ஆனால் விடை மாறிவிட்டது. கையில் பிசுபிசுவென்று வேர்வை, கீயில் எழுத்து ஏற்கனவே தேய்ந்திருக்கிறது, என் வேர்வையில் மிச்சமும் போகும்.

EF. இதில்தான் என்னவோ. நான் இதைப் புரிந்து படிக்கவில்லை, யாருமே புரிந்து படிக்கவில்லை, EF போடு, 8FB2-இல் போய் C3 போடு, உன் துண்டு இருக்கிற அட்ரஸைத் தலைகீழாகப் போடு, வரும், என்று கோயில்ராஜ் சார் சொன்னார், போட்டோம், வந்தது. இப்போது யோசி. யோசிக்கிறதற்கு வேறு நேரம் கிடைக்கவில்லையா. சிப் மேலிருந்து கீழே வரி வரியாக வருகிறது. EF-ஐப் பார்க்கிறது. பார்த்ததும் செய்துகொண்டிருந்ததை அப்படியே நிறுத்தி, திரும்பி எங்கே வரவேண்டும் என்பதை ஸ்டாக்கில் குறித்து வைத்துக்கொண்டு, நேராக 0028-க்குத் தாவுகிறது. நான் போகச் சொன்ன இடம் இல்லை அது, சிப் செய்தவனே முடிவு பண்ணின இடம். அங்கே இருப்பது ரோம், கிட்டு செய்த கம்பெனிக்காரன் எழுதினது, நாம் தொட முடியாது, தொட்டால் எரர் என்று முகத்தைச் சுளிக்கும். அவன் அந்த இடத்தில் ஒரு கைகாட்டியை மட்டும் வைத்திருக்கிறான், 8FB2-க்குப் போ என்று. 8FB2 நமக்கு எழுத முடிகிற இடம். அங்கே நாம் வைக்கிற கைகாட்டி C3, 20, 80. அதாவது 8020-க்குப் போ. போய்க் கூட்டிவிட்டு, C9-ஐப் பார்த்ததும் ஸ்டாக்கில் குறித்து வைத்ததை எடுத்துப் பார்த்து, விட்ட இடத்துக்கே வந்து சேரும். சரி. அப்படியானால் அவளும் கழிப்பதற்கு EF போட்டிருப்பாள். அவளுடைய EF-உம் 0028-க்குத்தான் போகும். அங்கிருந்து அதே 8FB2. அவளும் அங்கே போய் எழுதியிருப்பாள், அவள் துண்டு 8120-இல், C3, 20, 81 என்று.

8FB2 அடித்தேன். C3. நெக்ஸ்ட். 20. நெக்ஸ்ட். 8FB4. 81.

எண்பது இருந்த இடத்தில் எண்பத்தொன்று. இவ்வளவுதான். என் முப்பத்தெட்டைத் தின்றது இந்த ஒரு ஒன்று. வரப்பு போட்டுக் கொடுத்தவர் இந்த இடத்துக்கு வரப்பு போடவில்லை, போடவும் முடியாது, ஐந்தாம் நம்பருக்கு ஒரே வாசல், கடைசியாக எவள் எழுதினாளோ அவள் வீட்டுக்கு வழி. அவள் தெரிந்து செய்தாளா. தெரிந்துதான் செய்திருப்பாள். நான் தட்டும்போது இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் 8FB2 அடித்ததைப் பார்த்தாள். இல்லை, அவளுக்கு அவ்வளவு மூளை கிடையாது, அவளும் என்னைப் போலத்தான், சார் சொன்னதை மனப்பாடம் பண்ணித் தட்டினாள். மூளை இல்லாமல்தான் அன்றைக்கு அப்படிப் பேசினாளா. முகத்தைப் பார், நெற்றியில் குங்குமம், கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள், வாய்க்குள் என்னவோ முணுமுணுக்கிறாள், ஆப்கோடா சாமி பேரா தெரியவில்லை. கெட்டவள் மாதிரி முகம் இருந்தால்கூடத் தேவலை. அந்த முகத்தை வைத்துக்கொண்டுதான் ஹெச்.ஓ.டி. ரூமில் நின்று, மேடம், ஜெனோவாவ அவ வீட்டுல வெளியூருக்கு விடமாட்டாவ, பாவம், அவ பேர எழுதி என்ன பிரயோஜனம் என்றாள். அந்த ஜெனோவா நான், கதவுக்கு வெளியே ஜெராக்ஸை வைத்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை, எங்கள் செக்‌ஷனுக்கு ஒரே இடம், சண்முகவடிவு மேடம் இரண்டு பேரையும் யோசித்துக்கொண்டிருந்த நேரம். மேடமும், அப்படியாம்மா, சரி அப்ப ஒம் பேரையே எழுதுதேன் என்றார்கள். பாவம் என்றாளே. அந்தப் பாவம்தான் எனக்கு இன்னும் காதுக்குள் ஓடுகிறது. அவள் சொன்னது பொய் கிடையாது. அப்பா அப்படித்தான் சொன்னார், பஸ்ஸில் கடைசி சீட்டில் வைத்து நான்தான் அவளிடம் அழுதேன். பொய்யாக இருந்தால் போய்ச் செவிட்டில் அறைந்திருக்கலாம். என் வாயில் வரவேண்டியதை இவள் ஏன் சொன்னாள். நான் என்ன ஊமையா. அப்பா விடமாட்டார் என்றால் விடவைப்பேன், சண்டை போடுவேன், சாப்பிடாமல் கிடப்பேன், அது என் பாடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா.

அன்றையிலிருந்து பேசுவதில்லை. அவள் பேச வருவாள், நான் எழுந்து போவேன். மாரியம்மன் கோயில் கொடை என்று பொங்கச்சோறு கொண்டுவந்து டெஸ்க்கில் வைத்தாள், டப்பாவைத் திறக்காமல் அவள் டெஸ்க்குக்கே தள்ளினேன். பஸ்ஸில் அவள் முன்னால் ஏறினால் நான் பின்னால் ஏறுவேன். வெளியிலிருந்து வருகிற இன்டரப்டை எல்லாம் டிஐ என்று ஒரு கட்டளை போட்டு அடைத்துவிடலாம், கதவைச் சாத்தின மாதிரி, எவன் தட்டினாலும் சிப் திரும்பிப் பார்க்காது. அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த EF டிஐ-க்கு அடங்காது. இது வெளியிலிருந்து வருவது இல்லை, புரோகிராமே தனக்குள் எழுதி வைத்திருப்பது, அந்த வரிக்கு வந்தால் தாவியே தீரும். அது எனக்குத் தெரியாதா. சோறு தின்னும்போது, தலை வாரும்போது, ஒன்றுமில்லாமல் நிற்கும்போது, பாவம். தாவியாகிவிட்டது. மறுபடி அந்தக் கதவு, அந்த ஜெராக்ஸ் சூடு, அந்தக் குரல். திரும்பி வந்தால் சோறு ஆறிப்போயிருக்கும். அவளை நான் உள்ளே விடவில்லை, ஆனாலும் நாள் முழுக்க நானேதான் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் நேரத்தைக் கெடுத்துக்கொள்கிறேன், அதற்கும் அவள்மேல்தான் கோபம் வருகிறது.

எக்ஸ்டெர்னல் அந்தக் கடைசி வரிசையில் இருக்கிறார். வேறு காலேஜ்காரர், சஃபாரி சட்டை, மோசமான ஆள் என்று காலையில் எழுதிவிட்டுப் போனவர்கள் சொன்னார்கள். எல்லா வருடமும் நடக்கிற வேலை இவரிடம் நடக்காது. புரோகிராம் ஓடாவிட்டால், விடை வரவேண்டிய இடத்தில் விடையைக் கையாலேயே அடித்து வைத்துவிட்டு, ஓடினது சார் என்று காட்டிவிடுவது இங்கே பரம்பரையாக இருக்கிறது, கோயில்ராஜ் சாரே கண்ணைக் காட்டுவார். இவர் வந்ததும் கையை எடு என்கிறாராம். எடுத்து முதுகுக்குப் பின்னால் கட்டவேண்டுமாம். அவரே ரீசெட் அடித்து, விடை வருகிற இடத்தில் சைபரைப் போட்டு, அவரே ஏ-வை ஓட்டி, உடனே பி-யை ஓட்டுவாராம். நடுவில் யாரும் கீயைத் தொடக்கூடாது. ஆக, 8FB4-இல் என்ன இருக்கிறதோ அதுதான். எண்பத்தொன்று இருந்தால் எனக்குப் பன்னிரண்டு வரும், நான் ஃபெயில். எண்பது இருந்தால் அவளுக்கு முப்பத்தெட்டு வரும், அவள் ஃபெயில். அரியர் இருந்தால் கம்பெனி எடுக்காது என்று ஆர்டரிலேயே இருக்கிறது. ஒரு அரியர் போதும், ஸ்ரீபெரும்புதூரும் கிடையாது ஒன்றும் கிடையாது, குட்டம் ஊரில் அவள் அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அப்போது நான் போய், பாவம், என்று சொல்லலாம். எவ்வளவு நன்றாக இருக்கும். நான் எதுவும் செய்யவில்லையே, என் அட்ரஸை என் இடத்தில் எழுதினேன், முதலில் எழுதினது நான்தானே. இதைக் குற்றம் என்று சர்ச்சில் எந்தச் சாமியாரிடமும் சொல்லவேண்டியது இல்லை.

எண்பது அடித்தேன். நெக்ஸ்ட். ரீசெட், 8000, கோ. 8050-ஐப் பார்த்தேன். முப்பத்தெட்டு.

“வந்துட்டாட்டி?”

என் காதுக்குப் பக்கத்தில். அந்த நாளுக்குப் பிறகு அவளிடமிருந்து நான் எழுந்து போகாமல் கேட்ட முதல் வார்த்தை, எழுந்து போக முடியாது, பரீட்சை. “மொகம் ஒரு மாதிரி இருந்துச்சே, வரலியோன்னு பயந்துட்டேன். எனக்கும் வந்துட்டு. பன்னெண்டு.” சிரிக்கிறாள். பல்லில் அந்த மேல் பல் கொஞ்சம் மேலே ஏறி இருக்கும், சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். “ஒன் சோலியப் பாரு” என்றேன். “பாத்துட்டுதான இருக்கேன்” என்று மறுபடி கையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு வந்துவிட்டதாம். மாடு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், கழுத்தில் கத்தி இருக்கிறது தெரியாமல். விரல் தானாக மறுபடி கீயிடம் போகிறது. இரக்கம் எல்லாம் இல்லை, யாரும் அப்படி நினைக்க வேண்டாம். அவள் ஃபெயில் ஆனால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஏன் ஃபெயில் ஆனோம் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது, கிட்டு பழசு, உப்புக் காற்று, சாமி குத்தம் என்று எதையாவது சொல்லிக்கொண்டு அழுவாள், அதுவும் என் தோளில் வந்து அழுவாள், சனியன். எதற்கு அடி விழுகிறது என்று தெரியாதவளை அடித்து என்ன பிரயோஜனம். அடித்தால் திரும்பிப் பார்த்து, ஏன்டி அடிச்ச என்று கேட்கவேண்டும், நான் சொல்லவேண்டும். அப்புறம் இன்னொன்று. அன்றைக்கு அவள் என்ன செய்தாள். என்னைக் கேட்காமல் என் வழியை மாற்றி எழுதினாள். இப்போது நான் செய்திருப்பதும் அதேதான். அவளை மாதிரி நானா. ச்சீ.

சரி, வேறு வாசல் இருக்கிறதா. இருக்கவேண்டும். ஐந்து என்று ஒன்று இருந்தால் ஆறு என்று ஒன்று இருக்கும்தானே. கட்டளைக்கெல்லாம் எண் போட்டிருக்கிற ஆப்கோடு ஷீட்டை இழுத்தேன். ஆர்எஸ்டி வரிசை, சைபரிலிருந்து ஏழு வரை. ஒன்றுக்கு நேரே CF என்று இருக்கிறது. CF. மூன்று வருடமாக ஒவ்வொரு புரோகிராமின் கடைசியிலும், முடிஞ்சா CF போடு, CF போடு என்று போட்டு வந்தோமே, அதுவும் இதே ஜாதிதானா. முடிவு என்று ஒன்று கிடையாதா, ரோமில் இருக்கிற கிட்டுக்காரனைக் கூப்பிட்டு, என் வேலை தீர்ந்தது, நீ பார்த்துக்கொள் என்று கொடுப்பதா. ஒருத்தராவது சொன்னார்களா. எரிச்சலில் சிரிப்பு வருகிறது. ஆறுக்கு நேரே F7. இது எங்கே தாவும். ஐந்து தாவினது 0028. ஐயெட்டு நாற்பது, நாற்பதை ஹெக்ஸில் எழுதினால் 28. ஆக எட்டால் பெருக்கவேண்டும். ஆறெட்டு நாற்பத்தெட்டு, ஹெக்ஸில் 30. ரோமில் எழுதத்தான் முடியாது, படிக்கலாமே. 0030 அடித்தேன். C3. நெக்ஸ்ட். B5. பி-யும் ஆறும் இந்த டிஸ்ப்ளேயில் ஒரே மாதிரி இருக்கும், கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன், பி-தான். நெக்ஸ்ட். 8F. இருக்கிறது. 8FB5 என்று, அவள் வாசலுக்கு அடுத்த வாசலாக, யாரும் காலே வைக்காமல் சும்மா கிடந்திருக்கிறது. உடம்பெல்லாம் குப்பென்று ஒரு சந்தோஷம், இந்த இடத்தில் வரக்கூடாத சந்தோஷம், எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

8FB4-இல் எண்பதை எடுத்துவிட்டு எண்பத்தொன்றை வைத்தேன். 8FB5-இல் C3, 20, 80. 8004-இல் EF-ஐ எடுத்து F7. அவள் எட்டிப் பார்க்கிறாள். “என்னத்தட்டி மாத்துத? வந்தது வந்துட்டுல்லா, கெடுக்காத. சார் பக்கத்து டேபிளுக்கு வந்துட்டாவ.” பேசாதே. பேசாதே. இன்னொரு வார்த்தை பேசினால் அந்த எண்பதைத் திரும்பப் போட்டுவிடுவேன். “ஏட்டி, ஒழுங்கா வந்ததைப் போயி...” அவள் குரல் நடுங்குகிறது, எனக்காகவாம். ரீசெட், 8000, கோ. முப்பத்தெட்டு. அவளுடையதை ஓட்டிப் பார்க்க நேரமில்லை, பேப்பரில் EF-ஐ அடித்து F7 எழுதும்போது பேனா மை கையில் ஈஷிக்கொண்டது, சஃபாரி சட்டை மேசை முன்னால் நிற்கிறது.

“கையை எடும்மா. பின்னாடி கட்டு.” கட்டினேன். அவளும் கட்டினாள், முழங்கை என் முழங்கையில் இடிக்கிறது. அவர் ரீசெட் அடித்தார். 8050-இல் சைபர் வைத்தார், அவள் விடை வருகிற 8150-இல் சைபர் வைத்தார். 8000, கோ. முப்பத்தெட்டு. ம் என்றார். 8100, கோ. அந்த ஒரு நொடியில், எண்பத்தொன்றைச் சரியாக அடித்தேனா, எண்பத்தேழாக இருக்குமா, ஒன்றும் ஏழும் இந்தக் கீயில் தேய்ந்துபோய்... பன்னிரண்டு. இசக்கி மூச்சை விட்டது என் கழுத்தில் பட்டது. அவர் என் பேப்பரை எடுத்தார். “எல்லாரும் அஞ்சு போட்டிருக்காங்க. நீயும் அஞ்சுதான் போட்டிருக்க. அப்புறம் அடிச்சிட்டு ஆறு. ஏன்?” நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. “சார், நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் சார்...”

“நாங்க பேசிக்கிடறதில்ல சார்” என்றேன்.

பின்னால் கோயில்ராஜ் சார் இருமினார். எக்ஸ்டெர்னல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “பேசிக்கிறதில்லைன்னா?” “பேச்சு கெடையாது சார். நானும் அஞ்சு போட்டேன், அவளும் அஞ்சு போட்டா. அஞ்சுக்கு எழுதுத எடம் ஒண்ணுதான். அவ எனக்குப் பொறவு எழுதுனா, என்னோடது போயிட்டு. அதான் நான் ஆறுக்குப் போனேன்.” “ஆறோட அட்ரஸ் யார் சொன்னது?” “யாரும் சொல்லல. 0030-ல பாத்தேன்.” அவர் பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு பேனாவால் இசக்கியைக் காட்டினார். “அப்ப இந்தப் பொண்ணு எழுதினது தப்பா?” இதோ. தட்டில் வைத்து நீட்டுகிறார். ஆமா என்றால் போதும், ஒரு வார்த்தை. அவள் என்னைப் பார்க்கவில்லை, கிட்டையே பார்க்கிறாள், இப்போதுதான் அவளுக்கு விளங்குகிறது, நெற்றிக் குங்குமத்தில் வேர்வை இறங்குகிறது. “தப்பில்ல சார்” என்றேன். “அவளுக்குச் சொன்னத அவ சரியாத்தான் எழுதியிருக்கா. ஒரு கிட்டுக்கு ரெண்டு பேரப் போட்டதுதான் தப்பு.” “வாய் ஜாஸ்தி” என்றார் அவர், யாரிடம் என்று தெரியவில்லை. இசக்கியிடம் திரும்பினார். “டிஐ போட்டா இது நிக்குமா?” அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, “நிக்கும் சார்” என்றாள். நிக்காது, நிக்காது என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவளுக்காக நான் பேசமாட்டேன். அவர் தலையை ஆட்டி, மார்க்கில் எதையோ குறைத்து, இரண்டு பேப்பரிலும் பாஸ் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்துகிறது. பாஸ். பாஸ். காலில் செருப்பை மாட்டினேன். அவள் பின்னாலேயே ஓடி வருகிறாள். “ஏட்டி ஜெனோ, நில்லு. நில்லேன். ஒன்னோடது அழிஞ்சது எனக்குச் சத்தியமாத் தெரியாது.” “தெரியும்.” “என்னது?” “ஒனக்குத் தெரியாதுன்னு தெரியும். போ.” போகவில்லை. மூச்சு வாங்குகிறாள். “கம்பெனில இன்னும் ஆள் கேட்டிருக்காவளாம். மேடம் காலைல சொன்னாவ. நான் ஒம் பேரச் சொல்லிட்டேன். அன்னைக்கு நான் சொன்னது தப்பு மேடம், அவ கண்டிப்பா வருவா, வீட்டுல விடுவாவன்னு சொல்லிட்டேன். எழுதிட்டாவட்டி. ரூமு ரெண்டு பேருக்கு ஒண்ணாம், நானும் நீயும்...” எனக்குக் காதுக்குள் ங் என்று ஒரு சத்தம். சந்தோஷப்படவேண்டிய இடம் இது. நான் அழுது கேட்டது இதுதான். “யாரு ஒன்னயச் சொல்லச் சொன்னா?” என்றேன். “ஜெனோ...” “விடமாட்டாவன்னும் நீதான் சொல்லுவ, விடுவாவன்னும் நீதான் சொல்லுவியா? எங்க அப்பாவ ஒனக்குத் தெரியுமா? நான் என்னத்துக்குட்டி இருக்கேன்?” அவள் அழ ஆரம்பித்துவிட்டாள், அழட்டும், இந்தத் தடவை எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

ஹெச்.ஓ.டி. ரூம் கதவு திறந்துதான் இருந்தது. சண்முகவடிவு மேடம் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்கள். “வாம்மா ஜெனோவா. முடிச்சிட்டியா? ஒம் பேர எழுதியாச்சு, இசக்கி காலைலயே வந்து சொல்லிட்டா.” “அடிச்சிருங்க மேடம்” என்றேன். “என்னம்மா, போகலையா?” “போறேன். அவ சொன்னத அடிச்சிட்டு, நான் சொல்லுதேன், எழுதுங்க.” மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். இது என்ன கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும், எனக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. தாளை இழுத்து, ஒரு கோடு போட்டு, பேனாவைத் தூக்கிப் பிடித்தார்கள். “சரி, சொல்லு. பேரு?” “ஜெனோவா.” எழுதினார்கள், அதே பெயரை, அடித்ததற்குக் கீழேயே. எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல், நிமிராமல், “வீட்டுல விடுவாங்களா?” என்றார்கள்.

“தெரியாது மேடம்” என்றேன். “நான் போவேன்.”